பினாங்குக்குப் பந்தி

"நெஞ்சை அமுக்காதீக. தலையை மட்டும் பிடிங்க. நெஞ்சு அசையலேன்னா அதுக்கு மூச்சு விட முடியாது."

முத்துவேல் பிடியைத் தளர்த்தினார். துண்டுச் சுருளுக்கு வெளியே சாம்பல் நிறத் தலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. மற்றக் கண் மீனாம்பிகையை விட்டு அகலவில்லை. அவள் ஊசி இல்லாத சிரிஞ்சை அலகின் ஓரத்தில் நுழைத்து மெல்ல அழுத்தினாள். மருந்தில் பாதி கிளிக்குள் போனது. மீதி அவள் புருஷன் முத்துவேலின் பனியனில் தெறித்தது.

கிளி இருமியது. நெஞ்சில் சளி கட்டிய வயசாளியின் இருமல். இருமி முடித்துவிட்டு, "எப்ப வந்தீக?" என்று கேட்டது.

"நான் இங்கனதான் இருக்கேன். வந்தவன் நீதான்" என்றார் முத்துவேல்.

சுழல் நாற்காலியில் சாலா டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒரு புருவத்துக்கு நூல் போட்டு முடிந்திருந்தது. மற்றது புதராகவே இருந்தது.

"ஏங்க மீனாம்பிகை, இந்தப் பக்கத்தை எப்ப எடுக்கிறதா உத்தேசம்? ஒத்தைப் புருவத்தோட வகுப்புக்குப் போனா பிள்ளைக பாடத்தையா பாக்கும்?"

"மருந்துக்கு நேரம் தவறக்கூடாது டீச்சர். இந்தா வந்துட்டேன்."

"நெஞ்சுல ஒரு இறகு இல்ல. கறிக்கடையில உரிச்சுத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. இதை வாசல்ல உக்கார வச்சுக்கிட்டு முடி வளர எண்ணெய் விக்கிறீக பாருங்க, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?"

"அது தானாப் பிடுங்கிக்கிருது. நீங்க காசு குடுத்துப் பிடுங்கச் சொல்றீக. ரெண்டு பேர்ல யாருக்குப் புத்தி கூடன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். சாலா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். சிரித்தால் புருவம் கோணிவிடும்.

கழனிவாசல் போகிற சாலையில் வீட்டின் முன்னறையைத் தடுத்து மீனாம்பிகை அழகு நிலையம் வைத்திருக்கிறாள். பலகையில் மகள் பூஜாவின் பெயர். பிறந்த வீட்டில் எல்லாரும் நகை வேலை செய்கிறவர்கள். இவள் மட்டும் கத்திரியையும் நூலையும் எடுத்தாள். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள், கை இன்னும் நடுங்கவில்லை.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர் கையைத் தூக்கினால் அவள் கை நின்றுவிடும். நூல் வலிக்கிறது என்றாலும் சரி, முடி இவ்வளவு குறைத்தது போதும் என்றாலும் சரி. இன்னும் கொஞ்சம் எடுத்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வெட்டினதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது அல்லவா. பெண்கள் அவளைத் தேடி வருவதே இதற்காகத்தான்.

இந்தச் சட்டம் முன்னறையோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று ஒரு தடவை கேட்பாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். காரைக்குடியில் இப்படியும் ஒரு வீடு இருக்கும் என்று எதிர்பார்க்காமல், மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காய்ந்த தொண்டையோடு திரும்பியவர்கள் சொந்தத்தில் நிறையப் பேர். கல்யாணமான புதிதில் முத்துவேல் இரண்டாவது தோசையை ஒரு பேச்சுக்கு மறுத்துவிட்டுப் பட்டினி கிடந்தார். அதற்குப் பிறகு தோசை கல்லில் இருக்கும்போதே தலையாட்டக் கற்றுக்கொண்டார். ஓசூரில் வேலை பார்க்கும் பூஜாவிடமும் பொங்கலுக்கு வருகிறாயா என்று ஒரு தடவைதான் கேட்டாள். லீவு கிடைக்காது என்றதும், சரி என்று போனை வைத்துவிட்டாள்.

கிளியும் அப்படித்தான் வந்தது. ஒரே கேள்வி, ஒரே பதில்.

முத்துக்கருப்பன் செட்டியார் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் பினாங்கில் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்றவர். இந்தக் கிளி பினாங்கிலிருந்து வந்ததில்லை. ஆப்பிரிக்கக் கிளி, தொண்ணூறுகளில் சென்னையில் வாங்கியது. ஆனாலும் அவர் அதற்குப் பினாங்கு என்றே பெயர் வைத்தார். செட்டியார் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். முதல் கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரிக்கப் போனவள் மீனாம்பிகை. ஆயிரம் ஜனம் நடமாடிய வீட்டில் ஒரு மூலையில் கூண்டு இருந்தது. கூண்டுக்குக் கீழே சாம்பல் இறகுகள். உள்ளே பாதி அம்மணமாக ஒரு பறவை, வருகிறவர்களையெல்லாம் எப்ப வந்தீக, எப்ப வந்தீக என்று விசாரித்துக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

செட்டியாரின் தங்கை மகள் தேனம்மை பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வீட்டுல இவுகளுக்கு இழுப்பு இருக்கு, பறவை ஆகாதுன்டாரு டாக்டர். நீங்க வச்சுக்கிறீகளா?"

"சரி ஆச்சி" என்றாள் மீனாம்பிகை.

ஆட்டோவில் கூண்டோடு வந்து இறங்கியவளைப் பார்த்து முத்துவேல் கேட்டார்: "என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"ஆச்சி என்னையத்தானே கேட்டாக."

கிளி வந்தபின் வீட்டில் பல மாற்றங்கள் நடந்தன. முடியை நேராக்கும் மருந்தின் நெடி அதற்கு ஆகாது என்று அந்த வேலையையே நிறுத்தினாள். சாம்பிராணி நின்றது. ஸ்பிரே அடிக்க வேண்டியவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். ஒட்டாத தோசைக்கல் காய்ந்தால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடும் என்று தெரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கல் வாங்கினாள். கிளிக்கு விரல் மூட்டுகளில் வாதம். உட்காரும் கம்பைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியைத் தைத்தாள். வெயில் ஏறுமுன் வாசலில் கூண்டை வைத்து, முடி வெட்டுமுன் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் பூஞ்சாரலாகத் தெளிப்பாள். பினாங்கு இரண்டு சிறகையும் விரித்து, தலையைக் கவிழ்த்து, மொட்டை நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். முடி உலர்த்தும் மெஷினின் இரைச்சலை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மெஷின் ஓடாத நேரத்தில் அதன் குரலில் மெஷின் ஓடும். வாடிக்கைக்காரர்கள் தலையைச் சாய்த்துக் காற்றுக்குக் காத்திருப்பார்கள்.

மதுரையில் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் சிவரஞ்சனி சின்ன வயசுக்காரர். இரத்தம் எடுத்துப் பார்த்து, ஈரலில் கொழுப்புக் கட்டியிருக்கிறது என்றார். "இத்தனை வருஷமா என்னம்மா குடுத்தாங்க இதுக்கு?"

தேனம்மைக்குப் போன் போட்டுக் கேட்டு மீனாம்பிகை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சீப்புச் சீடை. தேன்குழல். மனகோலம். நெய் விட்ட பருப்புச் சோறு. முந்திரிப் பருப்பு. சாயங்காலம் ஒரு கரண்டி காபி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது கிளிக்குப் போட்ட சாப்பாடா, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பின பலகாரமா?"

இனி எண்ணெய்ப் பலகாரம் கூடாது, கடலையும் விதையும் கூடாது. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, கேரட், முருங்கைக் கீரை, முளைவிட்ட பயறு. காலையும் மாலையும் மருந்து. தினமும் எடை பார்க்க வேண்டும். முடிச்சாயம் கலக்க வைத்திருந்த சின்னத் தராசு அதற்குப் பயன்பட்டது.

அங்கேதான் சிக்கல் வந்தது. அதுவரை கூண்டில் கிடந்த கடலையையும் விதையையும் தானாகக் கொறித்துக்கொண்டிருந்த பினாங்கு இதைச் சாப்பிடவில்லை.

மீனாம்பிகை கிழங்கைக் கிண்ணத்தில் வைத்து நீட்டுவாள். கிளி கம்பில் நகர்ந்து கிட்டே வரும். கிண்ணத்தை ஒரு தரம் பார்க்கும். பிறகு ஒரு காலைத் தூக்கி, விரல்களை விரித்து, கிண்ணத்துக்குக் குறுக்கே நீட்டும். நீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நாற்காலியில் ஒரு கை உயர்ந்தால் எப்படி நிற்பாளோ அப்படி. பூசணிக்கும் கால் நீண்டது. கேரட்டுக்கும் நீண்டது. ராத்திரிக்கு வைத்த பயறில் இரண்டொன்றைக் கொறித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிட்டிருக்கும். ஒவ்வொரு நாளும் தராசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மார்பெலும்பு கத்தி முனை மாதிரி தோலைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. எப்ப வந்தீக என்று கேட்பதும் குறைந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் பேசினாள்.

"கையில வச்சு ஊட்டிப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் டாக்டர். வேண்டாங்குது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் இறங்கியிருந்தா இங்க கொண்டு வந்துருங்க. தொண்டையில குழாய் விட்டுத்தான் ஊட்டணும்."

"தாங்குமா?"

"வயசாயிருச்சும்மா. ஈரலும் சரியில்ல. மதுரை வரைக்கும் வண்டியில வர்றதே அதுக்குப் பெரிய பாடு. தாங்கும்னு என்னால சொல்ல முடியல."

மீனாம்பிகை போனை வைத்துவிட்டுக் கூண்டின் அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பினாங்கு தலையைக் குனிந்து கம்பிக்கு அருகில் கொண்டுவந்தது. பிடரியைச் சொறிந்துவிடச் சொல்கிறது. சொறிந்துவிட்டாள். விரலுக்கு அடியில் தலை எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் இருந்தது.

"ஒரு சீடை குடுத்துப் பாப்பமா?" என்றார் முத்துவேல்.

"ஈரல் போயிருங்க."

"சாப்பிடாம உசுரே போயிருமே."



வியாழக்கிழமை கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாதக்கணக்கில் முன்னாலேயே ஒத்துக்கொண்டது. விடியுமுன் போய்ப் பெண்ணை அலங்கரித்து முடித்தாள். பதினொரு மணிக்குப் புறப்பட்டவளை வீட்டுப் பெண்கள் விடவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், வெண்டைக்காய் மண்டி. அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை.

எதிர் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். பரிமாறுகிறவர் பணியாரத் தூக்கோடு அவர் முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டைக்காரர் கையை விரித்து இலைக்குக் குறுக்கே நீட்டினார்.

"போதும்யா, போதும்."

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க."

"சொன்னாக் கேளு. வயிறு இடிக்குது."

"அட, நம்ம வீட்டுக் கல்யாணத்துல என்னங்க கூச்சம்?" பரிமாறுகிறவர் அந்தக் கைக்கும் இலைக்கும் நடுவில் பணியாரத்தை நுழைத்துவிட்டு நகர்ந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் அவர் முதுகைத் திட்டிக்கொண்டே பணியாரத்தைப் பிட்டார். ரசித்துத்தான் தின்றார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெண். அவளும் இலையை மறைத்தாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது. அவள் அதை ஓரமாக ஒதுக்கினாள், தொடவில்லை.

நூறு பந்தி பார்த்தவள் மீனாம்பிகை. இதில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இன்றைக்குப் பார்த்தாள். அந்தப் பெண் கையை நீட்டியபோது அவள் கண் இலையில் இருந்தது. இலையைக் காப்பாற்றிக்கொள்ளும் பார்வை. வெள்ளைச் சட்டைக்காரர் இலையைப் பார்க்கவே இல்லை. பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது என்ன சொல்லப் போகிறார் என்று.

மீனாம்பிகை எழுந்துவிட்டாள்.

"என்னங்க, இன்னும் பாயசம் வரல, எந்திரிக்கிறீக?" என்றாள் பக்கத்து இலைக்காரி.

"வேலை கெடக்கு."

கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்து தேனம்மைக்குப் போன் போட்டாள்.

"ஆச்சி, உங்க அம்மான் பினாங்குக்கு எப்படிச் சாப்பாடு வைப்பாக?"

"எப்படின்னா? அவுகளுக்கு இலை போட்டா அதுக்கும் ஒரு துண்டு இலை. மேசை மேல ஏறி உக்காந்துக்கிரும். அம்மான் கெஞ்சுவாக."

"கெஞ்சுவாகளா?"

"பின்ன? அது காலை நீட்டி மறைக்கும். 'அட வச்சுக்கங்க, நம்ம வீட்டுல என்ன கூச்சம்'பாக. மறுபடி மறைக்கும். மறுபடி கெஞ்சுவாக. அப்புறந்தான் வாயில போடும். கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லாத மனுசர். அதுவும் அவுகளுமா தெனமும் விருந்தாடிக்கிட்டு இருப்பாக. ஏன், சாப்பிடலையா அது?"

"நான் ஒரு தடவைதான் ஆச்சி வச்சேன். காலை நீட்டுனதும் எடுத்துட்டேன்."

"அய்யோ. இதைச் சொல்லணும்னே எனக்குத் தோணல மீனாம்பிகை. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே போடுவாகன்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, கொல்லையில் ஒரு வாழை இலைத் துண்டை அறுத்துவந்து மேசைமேல் போட்டாள். பினாங்கைத் தூக்கி அதன் முன்னால் விட்டாள். கிளிக்கு நிற்கக்கூடத் தள்ளாட்டம். இலையைக் கண்டதும் கழுத்து மட்டும் நிமிர்ந்தது.

முத்துவேல் எதிரில் உட்கார்ந்தார். "என்ன, மறுவீட்டு விருந்தா?"

"சும்மா இருங்க."

ஒரு துண்டை இலையில் வைத்தாள். கால் நீண்டது. அவள் கை தன்னால் துண்டை எடுக்கப் போனது. பாதியில் நிறுத்தினாள்.

"வச்சுக்கங்க" என்றாள்.

"இப்படி மிரட்டுனா நானே எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார் முத்துவேல்.

"அப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்."

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டுல எனக்கு யாரு சொல்லியிருக்கா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கிளியின் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். முன்பின் பழகாத வேலை. வார்த்தைகள் தெரிந்தவைதான். ஆயுசு முழுக்க மற்றவர்கள் சொல்லக் கேட்டவை. தன் வாயில் வரும்போது அடுத்த வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"அட, வச்சுக்கங்க. நம்ம வீட்டுல என்ன கூச்சம்?"

நீட்டிய காலை அது மடக்கவில்லை. நல்ல கண் அவள் முகத்திலேயே இருந்தது. அவள் துண்டை விரல்களுக்கு அடியில் நுழைத்தாள். பினாங்கு அதைப் பற்றியது. மூக்கு வரைக்கும் கொண்டுபோய்க் கீழே போட்டது.

"போட்டுட்டான்" என்றார் முத்துவேல். அவர் குரலில் கேலி இல்லை.

மீனாம்பிகை இன்னொரு துண்டை எடுத்தாள். "இது பிடிக்கலையா, இதைப் பாருங்க. எண்ணெய் இல்லாததுதான், கொஞ்சம் பொறுத்துக்கங்க. நீங்க கை நனைக்காம நாங்க எப்படிச் சாப்பிடுறது? இவுகளும் பசியோட உக்காந்திருக்காக பாருங்க. ஒரு வாய். எனக்காக ஒரு வாய்."

கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

கால் மறுபடி உயர்ந்தது. குறுக்கே நீளவில்லை. அவள் விரலிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டது. பினாங்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தைச் சுரண்டி, கறுப்பு நாக்கில் வைத்துக்கொண்டது. விழுங்கியது. கொஞ்சம் மேசைமேல் சிந்தியது. அடுத்த துண்டுக்கு மறுபடி கால் நீண்டது, அவள் மறுபடி கெஞ்சினாள். இலையில் பாதி தீரும் வரைக்கும் முத்துவேல் அசையவில்லை.

பிறகு அவள் அவருக்குத் தோசை வார்த்தாள். இரண்டாவது தோசையைக் கொண்டுவந்தபோது அவர் கையை விரித்துத் தட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தோசையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஏ மீனா! ஏ, நான் சும்மா..." என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தராசில் வைத்தபோது பினாங்கின் எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மீனாம்பிகை டாக்டருக்குப் போன் செய்தாள். இன்றைக்குக் கொண்டுவர வேண்டாம், மருந்தை நிறுத்தக்கூடாது, அடுத்த வாரம் மறுபடி பேசலாம் என்று டாக்டர் சொன்னார். மோட்டார் ரிப்பேர் பார்க்கிற முத்துவேல் புதுவயலுக்கு ஓர் அரிசி மில் மோட்டாரைக் கழற்றப் போனார். கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று முடிவெட்டு, ஒன்று ஃபேஷியல். மத்தியானம் வெகுநேரம் கரண்ட் இல்லை. பினாங்கு பூசணியைச் சாப்பிட்டது. முருங்கைக் கீரையை எவ்வளவு சொல்லியும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வேளையும் நேரம் பிடித்ததால் ஃபேஷியலுக்கு வந்தவர் முகத்தில் பூச்சு காய்ந்து காத்திருந்தார். கூண்டின் அடியில் புதிதாக ஓர் இறகு கிடந்தது. சாயங்காலம் மேகம் கூடியது, மழை இல்லை. ஏழு மணிக்குக் கடையை அடைத்தாள்.